மணி ஏன் அடிச்சவன்?

பக்கத்து வீட்டுத் தம்பி என்னிடம் கேட்ட கேள்வி அது. அவனும் என் மகளும் தரம் 3. பின்னேரங்களில் எங்கள் வீட்டு விறாந்தையில் பாயைப் போட்டு இரண்டு பேரும் இருந்து எழுதுவார்கள். நான் கந்தோரால் வந்து தேத்தண்ணி குடித்து முடிய அவர்களோடு போய் இருப்பேன். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு தாள் கொடுத்துவிட்டிருந்தார்கள். சின்னப் பந்தி ஒன்று, கீழே ஐந்து கேள்வி. பந்தி ஏறக்குறைய இப்படி: “மணி அடிக்க, பிள்ளைகள் வாசலை நோக்கி ஓடினார்கள். கண்ணன் மட்டும் மெதுவாக நடந்து வந்தான். அவனுடைய காலில் முள் குத்தியிருந்தது. அதைக் கண்ட ஆசிரியை அவனிடம் ஓடி வந்தார்.” பிள்ளைகள் எப்போது ஓடினார்கள், எதை நோக்கி ஓடினார்கள், மெதுவாக நடந்து வந்தவன் யார், காலில் குத்தியிருந்தது என்ன, ஓடி வந்தவர் யார். இவ்வளவுதான் கேள்விகள். இரண்டு பேரும் ஐந்தையும் சரியாக எழுதியிருந்தார்கள். மகள் முத்து முத்தான எழுத்தில் ஐந்து நிமிடத்தில் எழுதி முடித்துவிட்டாள். தம்பிக்கு அரை மணித்தியாலம் சென்றது. தாள் ஓட்டையாகும் அளவுக்கு அழிறப்பரால் அழித்து அழித்து எழுதியிருந்தான். நான் சிவப்புப் பேனையால் கடைசிச் சரியையும் போட்டு முடிக்கிற நேரம் அவன் கேட்டான்: “அன்ரி, மணி ஏன் அடிச்சவன்?”

எனக்கு உடனே பிடிபடவில்லை. “எந்த மணி?” என்றேன். “இந்த மணிதான்” என்று பந்தியின் முதற்சொல்லில் விரலை வைத்தான். அப்போதும் நான் விளக்கம் சொல்லத் தொடங்கவில்லை. அது ஏன் என்று இன்றைக்கும் தெரியாது, ஆனால் நல்லதாய்ப் போயிற்று. “இந்தக் கதையை எனக்கு ஒருக்கால் கீறிக் காட்டு ராசா” என்று ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தேன். எழுதும்போது அவ்வளவு சிரமப்பட்டவன், நாக்கை வெளியில் நீட்டிக்கொண்டு கிறுகிறுவென்று கீறினான். தாளின் ஒரு கரையில் ஒரு பெரிய பெடியன், கையில் தடி. தடியில் இலைகூட இரண்டு இருந்தது. அப்போதுதான் மரத்தில் முறித்த தடி. அவனுக்கு முன்னால் நாலைந்து பிள்ளைகள் கேற்றைப் பார்த்து ஓடுகிறார்கள். எல்லோருக்கும் பின்னால், தடிக்குக் கிட்ட, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு ஒருவன். மற்றக் கரையால் சீலை கட்டிய ஒரு ரீச்சர் இரண்டு கையையும் விரித்தபடி வருகிறா. “கண்ணனுக்கு முள்ளுக் குத்தினபடியால் ஓட ஏலாது அன்ரி. மணி அவனைப் பிடிச்சு அடிக்கிறான். ரீச்சர் அதைக் கண்டிட்டு மறிக்க வாறா” என்றான். பிறகுதான் சொன்னான், தன் பெரியப்பாவின் மகனை வீட்டில் மணி என்றுதான் கூப்பிடுவது என்று.

அந்தப் படத்தை வைத்துக்கொண்டு பந்தியைத் திரும்ப வாசித்தேன். எந்த இடத்திலாவது அவனுடைய கதை பொருந்தாமல் போகிறதா என்று பார்த்தேன். போகவில்லை. “மணி அடிக்க” என்பதை ஆள் அடித்ததாக எடுக்க இலக்கணம் தடுக்கவில்லை. “அதைக் கண்ட ஆசிரியை” என்பதில் ‘அதை’ என்ற சொல் முள்ளைத்தான் குறிக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை, அடியையும் குறிக்கலாம். கண்ணன் ஏன் மெதுவாக வந்தான், ரீச்சர் ஏன் ஓடி வந்தா என்பவற்றை எல்லாம் ஒரு கதையாக இணைத்து, விட்டுப்போன ஒரே ஒரு விசயத்தை, அடித்தவனின் காரணத்தை, என்னிடம் கேட்கிறான். அவனுடைய பள்ளிக்கூடத்தில் இருப்பது மின்சார மணி. பிள்ளைகள் யாரும் அதை மணி என்று சொல்வதில்லை. “பெல் அடிச்சிட்டுது” என்றுதான் சொல்வார்கள். மணி என்றால் அவனுக்குப் பிள்ளையார் கோயில் மணி, அல்லது “எத்தினை மணி?”, அல்லது பெரியப்பாவின் மகன். மூன்றிலும் பிள்ளைகளை ஓட வைக்கக்கூடியது ஒன்றுதான்.

மகளிடமும் ஒரு தாளைக் கொடுத்தேன். அவள் பள்ளிக்கூடம் ஒன்றைக் கீறினாள். கொடிக்கம்பம், சூரியன், பூச்சாடிகள், யன்னலுக்கு அளவுகோல் வைத்த கோடுகள். வடிவான படம். “கண்ணன் எங்கை பிள்ளை?” என்று கேட்டேன். அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “அவர் கேள்வியிலைதானே அம்மா வந்தவர்” என்றாள்.

விஜயதசமிக்கு ஏடு தொடக்கிய அடுத்த வருடமே யாழ்ப்பாணத்து நல்லூர் வீதியில் கடைப் பெயர்ப்பலகைகளை எழுத்துக்கூட்டி வாசித்த பிள்ளை அவள். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு நிற்க, ஒவ்வொரு பலகையாக வாசித்து முடித்துத்தான் வருவாள். என் பிள்ளை வாசிக்கிறாள் என்று நான் நாலு வருடமாக நம்பியிருந்தேன். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. என் வேலை கணக்குப் பார்க்கிற வேலை. கூட்டுத்தொகை சரியாக வந்துவிட்டால் பதிவு சரி என்று முடிவெடுக்கக் கூடாது என்பது அங்கே முதற்பாடம். இரண்டு பிழை ஒன்றையொன்று ஈடு செய்தும் கூட்டுத்தொகை சரியாக வரும். கந்தோரில் இவ்வளவு கவனமாக இருக்கிற நான், வீட்டில் பத்துச் சரி போட்டிருக்கிறேன். பத்திலும் பிள்ளைகள் என்ன விளங்கினார்கள் என்று ஒரு சரியில்கூட எனக்குத் தெரியவில்லை.

‘ஐ’க்கு ‘ஐ’, ‘கு’வுக்கு ‘கு’

அடுத்த நாள் ஒரு சோதனை செய்து பார்த்தேன். பொருளே இல்லாத சொற்களை நானாக உண்டாக்கி ஒரு பந்தி எழுதினேன். “ஒரு நாள் தெம்பன் பிலாவியைச் சுமுக்கினான். பிலாவி மொறட்டையில் நொளுந்தது. அதனால் தெம்பனுக்குத் துவிசு வந்தது.” கீழே கேள்விகள். தெம்பன் எதனைச் சுமுக்கினான்? பிலாவி எங்கே நொளுந்தது? யாருக்குத் துவிசு வந்தது? ஏன் வந்தது? மகள் மூன்று நிமிடத்தில் கொப்பியை நீட்டினாள். தெம்பன் பிலாவியைச் சுமுக்கினான். பிலாவி மொறட்டையில் நொளுந்தது. தெம்பனுக்குத் துவிசு வந்தது. பிலாவி மொறட்டையில் நொளுந்ததால் தெம்பனுக்குத் துவிசு வந்தது. முழு வசனங்கள், சந்திப் பிழைகூட இல்லை. நாலுக்கும் சரி போட்டேன். வேறு என்ன செய்ய முடியும்? தம்பி முதல் வரியிலேயே பென்சிலை வைத்துவிட்டான். “அன்ரி, பிலாவி எண்டா என்ன?” பிறகு ஒரு வரியும் எழுதவில்லை.

இது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தமிழில் ஒரு சொல் வசனத்தில் என்ன வேலை செய்கிறது என்பதை அதன் வால் சொல்லிவிடும். ‘எதனை’ என்று கேட்டால் பந்தியில் ‘ஐ’ ஏறிய சொல்லைத் தேடலாம். ‘யாருக்கு’ என்றால் ‘கு’. ‘எதனால்’ என்றால் ‘ஆல்’. ‘யாரோடு’ என்றால் ‘ஓடு’. ‘எங்கே’ என்றால் ‘இல்’. வேற்றுமை உருபு என்ற பெயரே தெரியாத எட்டு வயதுப் பிள்ளைக்கு இந்த உருபுகள் எல்லாம் கைவந்துவிட்டன. அவள் பேசத் தொடங்கிய காலத்திலேயே வந்துவிட்டன. அது பெரிய சொத்து. ஆனால் கேள்விகள் எல்லாம் வசனத்தைத் திருப்பிப் போட்டுக் கேட்கிறவையாகவே இருந்தால், பிள்ளை அந்தச் சொத்தைக் கொண்டே பொருளுக்குள் போகாமல் தப்பிவிடுகிறது. வாலைப் பார்த்து வாலைப் பொருத்துகிறது. வாக்கிய அமைப்புத் தெரிந்த பிள்ளை, கெட்டிக்காரப் பிள்ளை, இதில் இன்னும் விரைவாகத் தப்பும். ஐந்துக்கு ஐந்து எடுக்கிற பிள்ளையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

தம்பியின் பக்கத்திலும் நியாயமாகப் பேசவேண்டும். அவனுக்கு எழுத்தே இன்னும் ஓடவில்லை. ‘கொ’வைக் கண்டால் கொம்பை ஒரு பக்கம், அரவை ஒரு பக்கம் தனித்தனியாகப் பார்த்து ‘கெ… கா…’ என்று நிற்பான். ‘க’ சில இடத்தில் வன்மையாகவும் சில இடத்தில் மென்மையாகவும் ஒலிப்பது அவனை இடறுகிறது. வசனத்தின் கடைசிச் சொல்லுக்கு வரும்போது முதற்சொல் மறந்துவிடும். கதையை விளங்கும் புத்தி அவனுக்கு நிறைய இருந்தாலும், பக்கம் பெருக்கப் பெருக்க அவன் பின்னுக்கு நின்றுவிடுவான் என்பது எனக்குத் தெரியும். 1986 இல் கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வாசித்து விளங்குவதை ஒரு பெருக்கல் கணக்காக எழுதினார்கள்: எழுத்தைச் சொல்லாக்கும் திறன் ஒரு பக்கம், கேட்ட மொழியை விளங்கும் திறன் மற்றப் பக்கம். கூட்டல் அல்ல, பெருக்கல். ஒரு பக்கம் பூச்சியமானால் விடை பூச்சியம்தான், மற்றப் பக்கம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும். என் பாயில் அந்த இரண்டு பக்கமும் ஆளுக்கொன்றாக இருந்தன. தம்பிக்கு எழுத்து வேண்டும் என்று எல்லோரும் கண்டிருந்தார்கள். அவனுக்கு ரியூசனும் இருந்தது. மகளுக்கு ஒன்று வேண்டும் என்று ஒருவரும் காணவில்லை, நான் உட்பட.

அப்பப்பாவின் பயன்

என்ன செய்வது என்று யோசித்தபோது எனக்கு வந்து நின்றது 1993. எனக்கு ஒன்பது வயது. யுத்தத்தால் கரண்ட் இல்லாத காலம், ஜாம் போத்தல் விளக்கு. மண்ணெண்ணெய் விற்ற விலையில் அந்த விளக்கும் ஒன்றுதான், அதைச் சுற்றித்தான் முழு வீடும். அப்பப்பா எங்கள் ஊர்க் கோயிலில் கந்தபுராணப் படிப்புக்குப் பயன் சொல்கிறவர். ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். அவர் நிறுத்தும் இடத்தில் அப்பப்பா பயன் சொல்லுவார், அதாவது செய்யுளின் பொருளை விளக்குவார். அடுத்த நாள் வாசிக்க இருக்கிற பகுதியை முதல் நாள் இரவு வீட்டில் பார்த்துக்கொள்ளும்போது, வாசிக்கிறவரின் இடத்தில் என்னை இருத்துவார். எனக்கு ஒன்றும் விளங்காது, ஆனால் வாசிப்பேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “முடிவு எங்கை போய் நிக்குது எண்டு பார்” என்பார். வசனத்தின் கடைசியில் இருக்கிற வினையைப் பிடித்து, அதைச் செய்தவர் ஆர் என்று தேடி, பிறகு ஒவ்வொன்றாக முன்னுக்கு வருவார். எழுவாய், பயனிலை என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது பயனிலை என்ற சொல்லுக்குள்ளேயே அப்பப்பாவின் பயன் இருப்பதைக் கண்டு எனக்கு வந்த சந்தோசம் இன்னும் மறக்கவில்லை.

கொப்பிக்கும் தட்டுப்பாடான காலம் என்பதால் அவர் என் பள்ளிப் பாடத்தையும் எழுத விடமாட்டார். “வாசி” என்பார். வாசித்தால், “இப்ப பயனைச் சொல்லு” என்பார். புத்தகத்தில் இருக்கிற வசனத்தையே சொன்னால் தலையை ஆட்டமாட்டார். “அது புத்தகத்தின்ரை. உன்ரையைச் சொல்லு.” உன்ரை என்றால் நாங்கள் வீட்டில் கதைக்கிற தமிழ். புத்தகத்தில் “அரசன் காட்டிற்குச் சென்றான்” என்று இருந்தால் நான் “ராசா காட்டுக்குப் போனவர்” என்று சொல்லவேண்டும். அப்படிச் சொல்ல முடியாத வசனம் எனக்கு விளங்காத வசனம். மறைக்க வழியே இல்லை. முப்பது வருடம் நான் அதை ஒரு முறை என்று நினைத்ததே இல்லை. அப்பப்பாவின் பழக்கம் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த நாள் பாயில் அதைத் தொடங்கினேன். ஒருவர் வாசிக்கிறது, மற்றவர் பயன் சொல்லுறது, பிறகு மாறுகிறது. எழுத்துப் பிழை பார்ப்பதில்லை. முதல் கிழமை மகள் மிகவும் கஷ்டப்பட்டாள். “மாமா சுன்னாகம் சந்தையில் வாங்கிய ஆட்டைக் கடித்த நாய் ஓடிவிட்டது” என்று தம்பி தட்டித் தடவி வாசித்தான். மகள் உடனே சொன்னாள்: “மாமா சுன்னாகம் சந்தையிலை ஆடு வாங்கினவர். நாய் ஓடிட்டுது.” தம்பி கேட்டான், “அப்ப ஆட்டுக்கு என்ன நடந்தது?” அவள் தாளைப் பார்க்கத் திரும்பினாள். தாளை நான் கவிழ்த்து வைத்தேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “கடிச்சுப்போட்டுது… நாய்தான் கடிச்சது… அந்த ஆட்டைத்தான்” என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒரே வசனத்துக்குள் மூன்று செய்தி மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. வாங்கிய, கடித்த என்ற இரண்டு பெயரெச்சமும்தான் மடிப்பு. பேசும்போது நாங்கள் அந்த மடிப்பை விரித்துத்தான் பேசுகிறோம்: வாங்கினவர், கடிச்சது, ஓடிட்டுது. எழுத்துத் தமிழை வீட்டுத் தமிழாக்கும்போது பிள்ளை தானாகவே விரிக்கப் பழகுகிறது. பெயரெச்சம் என்ற பெயர் வேறொரு வகுப்பில் வரட்டும். வரும்போது அவளுக்கு அது பழகின வீட்டின் பெயர்ப்பலகை போல இருக்கும்.

இந்த மாதத்தில் நான் கண்ட மிக அழகான விசயம் கதவுக்குப் பக்கத்தில் நடந்தது. இரண்டு வசனம் எழுதிக் கொடுத்தேன். “கதவைத் திறந்து, தம்பி உள்ளே வந்தான்.” “கதவைத் திறக்க, தம்பி உள்ளே வந்தான்.” நடித்துக் காட்டச் சொன்னேன். முதலாவதுக்குத் தம்பி வெளியில் போய், தானே கொளுக்கியை எடுத்து உள்ளே வந்தான். இரண்டாவதுக்கும் வெளியில் போனான். கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம். நேரம் போகிறது. கடைசியில் வெளியில் இருந்து சத்தம் கேட்டது: “ஆரும் திறவுங்கோவன்!” மகள் துள்ளி எழும்பினாள். “ஓ, இதுக்கு ரெண்டு பேர் வேணும் அம்மா!” செய்து என்னும் வாய்பாட்டு எச்சம் (‘திறந்து’) தன் வினைமுதலின், அதாவது செய்தவரின், வினையோடுதான் முடியும், செய என்னும் வாய்பாட்டு எச்சம் (‘திறக்க’) வேறொருவரின் வினையையும் கொள்ளும் என்று நான் பத்தாம் வகுப்பில் பாடமாக்கினேன், மாக்ஸ் எடுத்தேன். இரண்டுக்கும் இடையில் ஒரு ஆள் வித்தியாசம் என்று எனக்கு அந்தக் கொளுக்கிச் சத்தத்தில்தான் உறைத்தது. “மணி அடிக்க, பிள்ளைகள் ஓடினார்கள்” என்று வாசித்தவன், அடித்தவர் வேறு ஓடியவர் வேறு என்பதை முதல் நாளே பிடித்துவிட்டான். இலக்கணத்தில் அவன் பிழைவிடவில்லை. ஒரு சொல் அவனுக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

அந்த வசனத்தில் ‘அடிக்க’வுக்குப் பிறகு ஒரு காற்புள்ளி இருக்கிறதே, அதையும் பயன்படுத்தத் தொடங்கினோம். காற்புள்ளி வந்தால் நிற்கவேண்டும், நின்று “ஆர்?” என்று கேட்கவேண்டும். 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர், சிறுவருக்காகப் பாலபாடங்களைப் படிப்படியாக எழுதியவர். தமிழ் உரைநடையைச் சந்தி பிரித்து, நிறுத்தக்குறி இட்டு, வாசிக்கிற கண்ணுக்கு இலகுவாக்கியவர்களில் முன்னுக்கு நிற்பவர். அந்தக் குறிகளைப் பிள்ளைகளுக்கு மூச்சு விடுகிற இடம் என்று மட்டும் சொல்லிக் கொடுக்கிறோம். அது யோசிக்கிற இடமும்.

உது எங்கடை சொத்து

பிள்ளைகளுக்கு இலக்கணம் தெரியாது என்று சொல்கிறவர்களோடு எனக்கு இப்போது பெரிய மனத்தாங்கல் உண்டு. அ, இ, உ மூன்றும் சுட்டெழுத்து என்று இலக்கணம் சொல்கிறது. தமிழ்நாட்டுப் பேச்சில் உகரச் சுட்டு வழக்கொழிந்துவிட்டது. இங்கே முன்பள்ளிப் பிள்ளையும் “உதை வை”, “உங்கை நிக்காதை”, “உவன்தான் தள்ளினவன்” என்று நாளாந்தம் பேசுகிறது. எனக்குக் கிட்ட இருப்பது இது, உனக்குக் கிட்ட இருப்பது உது, இரண்டு பேருக்கும் தூரத்தில் இருப்பது அது. இந்த நுட்பத்தை ஒரு ரீச்சரும் கற்பிக்கவில்லை. சுட்டெழுத்துப் பாடம் வரும்போது பிள்ளையின் வாயில் இருக்கிற ‘உது’வில் இருந்து தொடங்கினால் எவ்வளவு பெருமையாக இருக்கும். நாங்கள் செய்வது மறுதலை. “நான் போனனான்” என்று எழுதினால் சிவப்புப் பேனையால் வெட்டுகிறோம், ‘போனேன்’ என்று மேலே எழுதுகிறோம், ஏன் என்று சொல்வதில்லை. வெட்டுப்பட்டது தன் அம்மாவின் வாய்மொழி என்று பிள்ளைக்குத் தெரியும். ‘போனனான்’ வீட்டுக்கு, ‘போனேன்’ புத்தகத்துக்கு, இரண்டும் ஒரே ஆள், சட்டைதான் வேறு என்று மகளுக்குச் சொன்ன நாளில் இருந்து அவள் கொப்பியில் அந்தப் பிழை குறைந்துவிட்டது. பயன் சொல்லும்போது ஒரு சட்டையைக் கழற்றி மற்றதைப் போடுகிற பழக்கம்தானே நடக்கிறது.

இதற்கு ஒரு முன்வேலையும் இருக்கிறது, அதைத் தவறவிட்டதை எண்ணி வருந்துகிறேன். புத்தகத் தமிழ் பிள்ளையின் காதில் முதலில் விழவேண்டும், ஐந்து வயதுக்கு முதலே. அரபுமொழியிலும் எங்களைப் போலத்தான், வீட்டு மொழி ஒன்று, எழுத்து மொழி ஒன்று. முன்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பல மாதம் எழுத்து மொழியிலேயே கதை வாசித்துக் காட்டியபோது அவர்கள் கேட்டு விளங்கும் திறன் கூடியதாக அங்கே 1993 இல் வெளிவந்த ஒரு ஆய்வு காட்டியது. எங்கள் பிள்ளைகளுக்கு எழுத்துத் தமிழ் முதலில் கேட்பது வானொலிச் செய்தியிலும் தேவாரத்திலும். இரண்டையும் யாரும் நிறுத்தி விளக்குவதில்லை. நான் மகளுக்குக் கதை சொல்லியிருக்கிறேன், நிறையச் சொல்லியிருக்கிறேன். எல்லாம் வாயால், எங்கள் பேச்சில். புத்தகத்தை விரித்து, அதில் உள்ளபடியே வாசித்து, இடையில் நிறுத்தி நிறுத்திச் சொன்னது மிகக் குறைவு. இப்போது சனிக்கிழமைகளில் இரண்டு பேரையும் பொது நூலகத்தின் சிறுவர் பகுதிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். எடுத்துவரும் புத்தகத்தை நானே வாசிக்கிறேன். அவர்கள் படுத்திருந்து கேட்டுப் பயன் சொல்கிறார்கள்.

தம்பியின் அம்மா ஒருநாள் மதிலுக்கு அங்கால் நின்று கேட்டா: “அக்கா, உது புலமைப்பரிசிலுக்கு உதவுமே?” பகிடியாகக் கேட்கவில்லை. தரம் 5 இல் வரும் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தரம் 3 இலேயே மாதிரி வினாத்தாள் கட்டுக்கட்டாக வாங்குகிற ஊர் இது. தன் பிள்ளை பின்னுக்கு நிற்கிறான் என்று ஒவ்வொரு மாதமும் கேட்டுக்கொண்டு வருகிற தாய் அவ. நான் உண்மையைச் சொன்னேன்: உடனே உதவாது. வாலைப் பொருத்தி எழுதுகிற பிள்ளை விரைவாக எழுதும், பயனைத் தேடுகிற பிள்ளை நிற்கும், நேரம் போகும். ஆனால் தரம் 6 இல் புவியியலும் வரலாறும் விஞ்ஞானமும் பக்கம் பக்கமாக வரும்போது, கேள்வி இல்லாத பந்தியை வாசிக்க வேண்டிவரும். அப்போது பொருத்த வால் இருக்காது. வகுப்பு நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருக்கிற ரீச்சருக்கு ஒவ்வொரு பிள்ளையிடமும் பயன் கேட்க நேரம் இல்லை என்பதை ஏற்கிறேன். அதனால்தான் வீட்டில் ஒரு பத்து நிமிடம் என்கிறேன். வினாத்தாள் கட்டு இருக்கட்டும், அதில் பாதியை விட்டுவிட்டு. அவ யோசித்துவிட்டு, “அவன் இப்ப வாசிக்கச் சொன்னா ஓடுறேல்லை. அது காணும்” என்றா. தம்பியின் வாசிப்பு இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறது. ‘கொ’வில் நிற்பது போய்விட்டது, ‘கௌ’வில் நிற்கிறான். மணி என்ற சொல் வந்தால் மட்டும் தலையை நிமிர்த்தி, “இது பெல்லோ, ஆளோ?” என்று ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் மேலே போவான்.

போன கிழமை இரவு கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். மகள் பக்கத்தில் நின்று துடைத்து அடுக்கினாள். “அம்மா, அண்டைக்கு நீங்கள் எழுதித் தந்தனீங்களே, பிலாவி. அது என்ன?” என்றாள். எழுதிக் கொடுத்து ஆறு கிழமைக்கு மேல் இருக்கும். கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தேன். “அப்பிடி ஒண்டு இல்லைப் பிள்ளை. நான் சும்மா உண்டாக்கின சொல்லு” என்றேன். சுமுக்கினதும் இல்லையோ என்றாள். இல்லை. மொறட்டையும் இல்லையோ? இல்லை. கொஞ்ச நேரம் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். முகம் வாடிப்போயிற்று. “அப்ப ஏனம்மா சரி போட்டனீங்கள்?”

கையைத் துடைத்துவிட்டு அந்தக் கொப்பியை எடுத்துவரச் சொன்னேன். நாலு சரிக்கும் குறுக்கே நானே ஒரு கோடு கீறினேன். பிறகு இரண்டு பேரும் மேசையில் இருந்து முதல் வரியில் இருந்து தொடங்கினோம். பிலாவிக்கு எத்தனை கால் என்று முதலில் தீர்க்க வேண்டியிருந்தது. ஆறு என்றாள் மகள். அதைச் சுமுக்கினால் அது கடிக்குமா, அழுமா என்று எனக்குத் தெரியவேண்டியிருந்தது.